'என்க' என்றால் எங்கே?

போன ஆவணியில் அத்தை பின்வாசல் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். எலும்பு விலகவில்லை, விரிசல்தான். மாவுக்கட்டு போட்டுவிடலாம் என்று டாக்டர் சொன்னதை அத்தை காதிலேயே வாங்கவில்லை. அவருக்கு நாட்டுக் கட்டுதான் வேண்டும். மூங்கில் பத்தை, உளுந்து மாவு, முட்டை வெள்ளைக்கரு, வெள்ளைத் துணி. எனக்கு அதில் அரை மனசுதான். ஆனால் என் வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து அவர் அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை, நான் மட்டும் எதற்கு வாயைக் கொடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். ஆக, ஆறு வாரத்துக்கு அத்தையின் கைக்கு ஓய்வு.

நாற்பது வருஷமாகப் பூக் கட்டிய கை அது. விடிவதற்குள் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லிகையும் பிச்சியும் வாங்கிவந்து, மதியம் முழுக்கக் கட்டி, சாயங்காலம் கோயில் பக்கம் கூடையோடு உட்கார்ந்து முழம் போட்டு விற்பவர். அவரைச் சும்மா இருக்கச் சொன்னால் ஆகிற காரியமா? கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்து, கீழே பாயில் வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளைகளை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

பிள்ளைகள் இரண்டு பேர். என் மகன், எட்டாம் வகுப்பு, தமிழ் வழி. மாடி வீட்டுப் பொண்ணு, அவளும் எட்டாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். நான் ஒரு இரும்புக் கடையில் பில் போடுகிறவள். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு இவர்களோடு உட்காருவேன். அந்த மாதம் காலாண்டுத் தேர்வு. பாடம் ஒருபடிச் சமன்பாடு.

முதல் நாளே மகன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அம்மா, எக்ஸ் எங்கன்னு கேட்டிருக்காங்க. எங்க இருக்குன்னு எப்படிம்மா எழுதுறது?"

வாங்கிப் பார்த்தால், 'தேவையான எண்ணை எக்ஸ் என்க'. சிரித்துவிட்டேன். அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. யோசித்துப் பார்த்தால் அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கணக்கு நோட்டுக்கு வெளியே 'என்க' என்று யாராவது சொல்லி அவன் கேட்டிருப்பானா? வாழ்க, வருக மாதிரி இதுவும் வியங்கோள், 'என்று சொல்வோமாக' என்று அர்த்தம் என்றேன். இலக்கணம் விளங்கியது, கணக்கு விளங்கவில்லை. "சொல்லிட்டு? அது எவ்வளவுன்னே தெரியாதே, அப்புறம் எப்படிக் கூட்டுறது, கழிக்கிறது?"

நல்ல கேள்வி. நான் எட்டாவது படித்தபோது எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. என்க என்றால் என்க என்று எழுதினேன், மார்க் வந்தது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எக்ஸுக்கு ஒவ்வொரு தடவையும் கீபோர்டை மாற்றித் தட்ட எனக்குப் பொறுமை கிடையாது, அதனால் இனிமேல் 'ப' என்றே போடப்போகிறேன். வீட்டிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். முதலில் 'க' என்றுதான் வைத்தேன். அத்தை கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, "இது ஒண்ணுல்ல?" என்றார். அவருடைய அப்பா ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளை. பழைய தமிழ் இலக்கத்தில் ௧ என்றால் ஒன்று என்பதை அந்தக் கணக்கு நோட்டில் பார்த்துப் பழகியவர். தெரியாத எண்ணுக்கு ஒன்று என்று பெயர் வைத்தால் உருப்பட்ட மாதிரிதான் என்று 'ப'வுக்கு மாறினோம்.

எக்ஸை இந்த வேலைக்கு வைத்ததே பிரான்சுக்காரர் டெகார்த் 1637-இல் போட்ட வழக்கம்தான். தெரியாதவற்றுக்கு எழுத்து வரிசையின் கடைசி எழுத்துகள் என்று வைத்தார். அதற்குக் கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷம் முன்னாலேயே பீஜகணிதம் என்கிற கணக்கு நூலை எழுதிய பாஸ்கரர் தெரியாத முதல் எண்ணுக்கு 'யாவத்தாவத்' என்றும், அடுத்தடுத்து வருவனவற்றுக்குக் கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறங்களின் பெயரும் வைத்திருக்கிறார். சுருக்கி யா, கா, நீ. யாவத்தாவத் என்றால் எவ்வளவோ அவ்வளவு. எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போயிற்று.

சரி, மகன் கேள்விக்கு வருகிறேன். நான் பதில் சொல்லத் திணறியபோது அத்தைதான் நடுவில் புகுந்தார்.

"என்கவாம் என்க. வச்சுக்கன்னு சொல்லுத்தா, அவனுக்குப் புரியும்."

"எதை அப்பத்தா வச்சுக்க?"

"இந்தாப் பாரு. அப்பத்தா கூடையில பூக் கொண்டு போனேன். பாதி வித்துருச்சு. மூணுல ஒரு பங்கு கடனாப் போச்சு. வீட்டுக்கு வரும்போது பன்னெண்டு முழம் மிச்சம். எத்தனை முழம் கொண்டு போனேன்?"

மகன் பேனாவைக் கடித்தான். மாடி வீட்டுப் பொண்ணு 'லெட்' என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அத்தை இடது கை விரலை மடக்கினார்.

"அறுபதுன்னு வச்சுக்க. பாதி முப்பது, மூணுல ஒண்ணு இருபது. மிச்சம் பத்து. பத்தா வேணும்? பன்னெண்டுல்ல வேணும். பத்துக்கு அறுபதுன்னா பன்னெண்டுக்கு எழுபத்திரண்டு. போச்சா?"

சரிபார்த்தேன். 72-இல் பாதி 36, மூன்றில் ஒன்று 24, மிச்சம் 12. அத்தை மூன்றாம் வகுப்போடு நின்றவர்.

எதற்காக அறுபது என்று மகன் கேட்டான். "பாதியும் போகணும், மூணா வகுத்தாலும் போகணும். அம்பதுன்னா மூணுல மாட்டிக்கும்ல?" பொய்யாக ஒரு எண்ணை வைத்து, அது எவ்வளவு தூரம் பிசகுகிறது என்று பார்த்து, அந்த விகிதத்தில் நிஜ எண்ணுக்குப் போவது. இதை அத்தை எங்கேயும் படிக்கவில்லை. ஆனால் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிற ஒரு எகிப்தியப் பப்பிரஸ் சுருளில் இதே வித்தைதான் இருக்கிறது. கி.மு. 1550 வாக்கில் ஆமெஸ் என்கிற எழுத்தர் பிரதி எடுத்தது. அதில் 24-ஆவது கணக்கு: ஒரு அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, அந்த அளவு என்ன? ஆமெஸ் ஏழு என்று வைத்துக்கொள்கிறார். ஏழும் ஒன்றும் எட்டு. எட்டை எத்தனையால் பெருக்கினால் 19 வரும் என்று பார்த்து, அதே எண்ணால் ஏழைப் பெருக்குகிறார். விடையைப் பதினாறு, அதோடு இரண்டில் ஒன்று, அதோடு எட்டில் ஒன்று என்று எழுதுகிறார். இதை அத்தையிடம் சொன்னேன். "பதினாறு, அரை, அரைக்கால்" என்றார். அவருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எனக்குத்தான் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பின்னத்துக்கு ஐந்தின் கீழ் எட்டு என்று மேலும் கீழும் எழுதுகிற நாங்கள் எல்லாம் ஒரு பக்கம், ஆமெஸும் அத்தையும் ஒரு பக்கம்.

மகனுக்கு அன்றைக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. தெரியாததை வைத்துக்கொண்டு தெரிந்தது மாதிரியே நடந்துகொள்ளலாம். அப்பத்தா அறுபது என்று வைக்கிறார், நீ 'ப' என்று வை. பாதி விற்றது ப/2. கடன் ப/3. மிச்சம் 12. எல்லாம் சேர்ந்தால் மறுபடி ப. எல்லாவற்றையும் ஆறால் பெருக்கினால் 3ப + 2ப + 72 = 6ப. அந்த 72 தானாகவே வந்து நிற்பதைப் பார்த்து அவன் "ஏய்" என்றான். கணக்குப் பாடத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் 'ஏய்'.

அத்தையின் வித்தை எல்லாக் கணக்குக்கும் ஓடாது. மறுநாள் மகன் வேண்டுமென்றே புத்தகத்திலிருந்து ஒன்றைக் கேட்டான். ஒரு எண்ணின் மூன்று மடங்கிலிருந்து 5-ஐக் கழித்தால் 16, அந்த எண் என்ன? அத்தை ஆறு என்று வைத்தார். மூவாறு பதினெட்டு, அஞ்சு போனால் பதிமூணு. "பதிமூணுக்கு ஆறுன்னா பதினாறுக்கு..." என்று இழுத்து நின்றுவிட்டார். விகிதம் போட்டால் ஏழரைக்குப் பக்கத்தில் ஏதோ வருகிறது, அது தப்பு. நடுவில் ஒரு 5 குறுக்கே விழுந்துவிட்டதால் இரண்டு மடங்கு வைத்தால் இரண்டு மடங்கு வராது. ஆனால் அத்தை விடுகிற ஆளா? "மூணு குறையுதுல்ல? ஒண்ணு ஏத்தினா மூணு ஏறும். அப்ப ஏழு." முடிந்தது.

ஆட்டுக்கால் கணக்கிலும் அத்தை இப்படித்தான். இருபது தலை, ஐம்பத்தாறு கால், ஆடும் கோழியும் எத்தனை? அத்தை எல்லாவற்றையும் கோழியாக்கிவிட்டார். "இருபதும் கோழின்னா நாப்பது காலு. மிச்சம் பதினாறு. ஒரு கோழிய ஆடாக்கினா ரெண்டு காலு கூடும். அப்ப எட்டு ஆடு, பன்னெண்டு கோழி." மகன் பக்கத்திலேயே சமன்பாடு போட்டான். ஆடு ப, கோழி 20 − ப. கால்கள்: 4ப + 2(20 − ப) = 56. விரித்தால் 4ப + 40 − 2ப = 56. சுருக்கினால் 40 + 2ப = 56.

இந்த வரியில்தான் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரையும் நிறுத்தினேன். பாருங்கள், 40 இருக்கிறதே, அது அப்பத்தா எல்லாவற்றையும் கோழியாக்கியபோது வந்த நாற்பது. 2ப-வில் உள்ள 2, ஒரு கோழியை ஆடாக்கினால் கூடுகிற இரண்டு கால். 56-இல் 40 போனால் 16, அதுவும் அப்பத்தா சொன்ன பதினாறு. அப்பத்தா மனசுக்குள் போட்டது ஒன்று விடாமல் காகிதத்தில் இருக்கிறது. ஒரே வித்தியாசம், கோழியை ஆடாக்கலாம் என்கிற யோசனை அப்பத்தாவுக்குத் தோன்ற வேண்டியிருந்தது. உனக்கு அது தோன்றவே வேண்டாம். ப என்று வைத்துவிட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதினால் நாற்பதும் இரண்டும் தானே வந்து நிற்கும். இவ்வளவு தெளிவாக யாராவது எனக்கு அந்த வயதில் சொல்லியிருந்தால் நான் பி.காமுக்குப் போயிருக்க மாட்டேனோ என்னவோ.

வைத்தாயிற்று. அடுத்து அவிழ்ப்பது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது 'பக்கம் மாறினால் குறி மாறும்'. மகனுக்கும் அதே பாட்டுதான். பாட்டு மனப்பாடமாகிவிட்டதால் 3ப = 21 என்று வந்ததும் அவன் 3-ஐ அந்தப் பக்கம் தள்ளி, 'கழித்தல் ஆக்கி', ப = 18 என்று எழுதினான். மூன்றோடு ஒட்டிக்கொண்டிருப்பது பெருக்கல் என்பது அவன் கண்ணில் படவில்லை. பாலம் தாண்டினால் சட்டை மாற்றிக்கொள்கிற மாதிரி எண்கள் சமக்குறியைத் தாண்டினால் வேஷம் மாறும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். எண் எங்கேயும் தாண்டுவதில்லை.

பரணிலிருந்து அத்தையின் பழைய தராசை இறக்கினேன். பூஜைக்கு உதிரிப்பூ நிறுத்துக் கொடுக்க வைத்திருந்தது. ஒரு தட்டில் துணிப்பை மூன்று, மூன்றிலும் ஒரே எண்ணிக்கை கோலிக்குண்டு, பக்கத்தில் ஐந்து குண்டு தனியாக. இன்னொரு தட்டில் இருபத்தாறு குண்டு. முள் நேராக நின்றது. பை மெல்லிசுத் துணி, அதன் எடையைத் தராசு கண்டுகொள்ளவில்லை. ஐந்தை எடுத்தான், தட்டு எகிறியது. "அங்கிட்டு எடுத்தீல, இங்கிட்டும் எடு" என்றார் அத்தை. எடுத்தான், முள் நேரானது. மூன்று பைக்கு இருபத்தொன்று. "இப்ப மூணைக் கழிப்பியா?" என்று கேட்டேன். பையைப் பார்த்தான், குண்டுகளைப் பார்த்தான், ஏழு ஏழாகப் பிரித்தான். அங்கிட்டு இங்கிட்டு என்கிற வார்த்தை அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கணக்கு வார்த்தையாகிவிட்டது. இடப்பக்கம் வலப்பக்கம் என்று நான் சொன்னால்கூட மாடி வீட்டுப் பொண்ணு "அங்கிட்டா ஆன்ட்டி?" என்று கேட்கிறாள். அவள் அம்மா கோயம்புத்தூர்க்காரர், அவருக்கு இதில் வருத்தம்.

தராசு கழித்தல் குறிக்கு உதவாது. 3ப − 5 = 16 என்பதைத் தட்டில் எப்படி வைப்பது? இல்லாத குண்டை வைக்க முடியாதே. அதற்கு உதவியது அத்தையின் மணிக்கட்டு. அல்ஜீப்ரா என்கிற பெயரே அல்-ஜப்ர் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பாக்தாதில் 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்-குவாரிஸ்மி எழுதிய கணக்கு நூலின் தலைப்பில் இருக்கிற சொல். ஜப்ர் என்றால் ஒடிந்ததைச் சேர்த்துக் கட்டுவது, குறைந்ததை நிரப்புவது. ஸ்பானிய மொழியில் எலும்பு கட்டுகிறவருக்கு ஒரு காலத்தில் அல்ஹெப்ரிஸ்தா என்றே பெயர். 3ப − 5 என்றால் மூன்று பை முழுசாக இல்லை, ஐந்து ஒடிந்து கிடக்கிறது. ஒடிந்த ஐந்தைச் சேர்த்து வை. அங்கிட்டும் ஐந்து சேர். 3ப = 21. குறி எதுவும் மாறவில்லை, எலும்பு ஒட்டியது, அவ்வளவுதான்.

"அப்ப என் கையைக் கட்டினவரும் கணக்கு வாத்தியார்தானா?" என்று அத்தை கேட்டார். "அதான் முந்நூறு ரூபா வாங்கிட்டாரு."

அவிழ்ப்பதெல்லாம் இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. கடைசி வரை படுத்தியது வார்த்தைக் கணக்கைச் சமன்பாடாக எழுதுவதுதான், அதிலும் மாடி வீட்டுப் பொண்ணுக்கு. பாவம், கெட்டிக்காரி. அவள் புத்தகத்தில் 'ஃபைவ் லெஸ் தேன் த்ரைஸ் எ நம்பர்' என்று இருக்கும். ஃபைவ் முதலில் வருகிறதே என்று அவளும் 5 − 3ப என்று எழுதுவாள். அதையே தமிழில் சொல்லிப் பாருங்கள், ஒரு எண்ணின் மூன்று மடங்கிலிருந்து ஐந்தைக் கழிக்க. எண், மூன்று மடங்கு, கழி ஐந்து. வாயில் வருகிற வரிசையிலேயே 3ப − 5. இந்த ஒரு விஷயத்தில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு யோகம். ஆகவே அவளுக்கு முதல் வேலை, இங்கிலீஷ் வாக்கியத்தைத் தமிழில் சொல்வது. அடைப்புக்குறி எங்கே வரும் என்பதற்கும் தமிழில் ஒரு துப்பு இருக்கிறது. 'ஒரு எண்ணுடன் நான்கைக் கூட்டி வருவதை மூன்றால் பெருக்கினால்' என்று இருந்தால், அந்த 'வருவதை' என்கிற சொல்தான் அடைப்புக்குறியை மூடுகிற இடம். 'கிடைப்பதன்' என்று இருந்தாலும் அதே. மகன் இந்தச் சொற்களை எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு வைத்தான்.

தமிழிலும் வழுக்குகிற படி உண்டு. ஒரு பேனாவின் விலை பென்சிலின் விலையைப் போல் 4 மடங்கு. 2 பேனாவும் 3 பென்சிலும் சேர்ந்து 55 ரூபாய். மாடி வீட்டுப் பொண்ணு பென்னுக்கு ஒரு 'பி' வைத்தாள், பென்சிலுக்கும் 'பி'. ஒன்று பெரிய பி, ஒன்று சின்ன பி. என் மகனோ, பேனாவுக்கு நாலு மடங்கு என்றால் பேனாவுக்குப் பக்கத்தில்தானே நாலு என்று 4 பேனா = பென்சில் என்று எழுதினான். இரண்டும் ஒரே நோய். எழுத்தைப் பொருளுக்குச் சுருக்கெழுத்தாக நினைப்பது. ப என்பது பென்சில் இல்லை. பென்சிலின் விலை. ஒரு எண். 'பென்சில் = ப' என்று எழுதினால் அந்த வரியை அடித்துவிடுவேன், 'ஒரு பென்சிலின் விலை ரூபாய் ப' என்று முழுசாக எழுதினால்தான் அடுத்த வரிக்குப் போகலாம் என்று சட்டம் போட்டேன். 1980 வாக்கில் அமெரிக்காவில் கல்லூரி இன்ஜினியரிங் மாணவர்களிடமே இதைப் பரிசோதித்திருக்கிறார்கள். ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர் என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னால், கணிசமானவர்கள் ஆறைத் தப்பான பக்கத்தில் வைத்தார்களாம். எட்டாம் வகுப்புப் பையனை நான் எதற்குத் திட்ட வேண்டும்?

யாரிடம் அதிகம் என்று கேள், இல்லாதவனைப் பெருக்கு, இருப்பவனுக்குச் சமமாக்கு என்பது அத்தையின் வைத்தியம். பேனா பெரிது, பென்சில் சிறிது. சிறிதை நாலால் பெருக்கினால்தான் பெரிதுக்கு ஈடாகும். பென்சில் ப, பேனா 4ப. 8ப + 3ப = 55, பென்சில் ஐந்து ரூபாய், பேனா இருபது.

இதெல்லாம் வாழ்க்கையில் எங்கே வரப்போகிறது என்று என் வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டே ஒரு நாள் கேட்டார். எங்கள் கடையில் தினமும் வருகிறது. 18 சதவீத ஜிஎஸ்டி உள்ள சாமான், வரி உட்பட 590 ரூபாய் என்று கஸ்டமரிடம் பேசி முடித்துவிட்டு, "பில் போடும்மா" என்று முதலாளி சொல்வார். புதுசாக வந்த பையன் ஒருவன் 590-க்கு 18 சதவீதம் 106 ரூபாய் 20 காசு, அதைக் கழித்தால் வரி சேர்க்காத அடக்க விலை 483 ரூபாய் 80 காசு என்று போட்டான். அதன் மேல் வரி ஏற்றிப் பார், 590 வரவே வராது, 571-க்குக் கொஞ்சம் கீழே நிற்கும். வரி 590-க்கு இல்லையே, தெரியாத அந்த அடக்க விலைக்குத்தானே. அடக்கம் ப என்றால் ப-வும் அதன் 18 சதவீதமும் சேர்ந்து 590. 1.18ப = 590. ப = 500, வரி 90. இப்போது பில்லிங் சாப்ட்வேரில் ஒரு டிக் அடித்தால் அதுவே பிரித்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் பையனுக்கு நான் ஒரு துண்டுச் சீட்டில் இதை எழுதிக் காட்டினேன். ஆமெஸின் கணக்கும் இதுவும் ஒன்றுதான், அவருக்கு ஏழில் ஒரு பங்கு, நமக்கு நூறில் பதினெட்டு. வீட்டுக்காரர் அதற்குள் சேனலை மாற்றிவிட்டார்.

வயசுக் கணக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு நிறையாது. அப்பாவின் வயது மகனின் வயதைப் போல் 4 மடங்கு, 5 ஆண்டுகள் கழித்து 3 மடங்கு. மகன் ப, அப்பா 4ப. ஐந்து வருஷம் கழித்து அப்பாவுக்கு மட்டும் வயசு ஏற்றி 4ப + 5 = 3ப என்று எழுதினான் என் பிள்ளை. ப = −5. கூசாமல் அடிக்கோடு போட்டு, 'மகனின் வயது −5' என்று எழுதிவிட்டான். "அப்ப அவன் இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் பிறப்பான்" என்றாள் மாடி வீட்டுப் பொண்ணு. அவளுடையதை வாங்கிப் பார்த்தால் இரண்டு பேருக்கும் வயசு ஏறியிருக்கிறது, அடைப்புக்குறிதான் இல்லை. 4ப + 5 = 3ப + 5. ப = 0. மகனுக்கும் பூஜ்யம், அப்பாவுக்கும் பூஜ்யம், இரண்டு பேரும் ஒரே தொட்டிலில். சரியானது 4ப + 5 = 3(ப + 5). பிரித்தால் 3ப + 15, ப = 10, அப்பா நாற்பது. ஐந்து வருஷம் கழித்து 15, 45. கதை ஒத்துப்போகிறது.

விடை வந்ததும் சமன்பாட்டில் பொருத்திப் பார்ப்பதை நான் நம்புவதில்லை. சமன்பாடே தப்பாக இருந்தால் தப்பான விடை அழகாகப் பொருந்தும். −5 என்று வைத்தாலும் 4ப + 5 = 3ப பொருந்தத்தான் செய்கிறது. கதையில் பொருத்திப் பார்க்க வேண்டும். 41 பேர் வகுப்பில் பையன்களைவிடப் பெண்கள் 5 பேர் அதிகம் என்ற கணக்கில் 41-ஐ 40 என்று பார்த்து எழுதி, பதினேழரைப் பையன்கள் என்று கொண்டுவந்தான் மகன். "ஏழரை வருதுன்னாலே வீட்டுக்கு ஆகாது, திரும்பப் போடு" என்றார் அத்தை. காரணம் வேறாக இருந்தாலும் தீர்ப்பு சரி. பதினெட்டுப் பையன்கள், இருபத்து மூன்று பெண்கள்.

காலாண்டுத் தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அத்தையின் கட்டைப் பிரித்தார்கள். கை கொஞ்சம் மெலிந்திருந்தது, விரல் எல்லாம் மடங்கியது. அன்றைக்குச் சாயங்காலமே ஒரு பந்து நூலும் கால் கிலோ மல்லிகையுமாக உட்கார்ந்துவிட்டார். பாயில் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை பூவிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கணக்குச் சொன்னார்.

"கூடையில பூக் கொண்டு போனேன். பாதி வித்தேன். பாதி அம்மனுக்குச் சாத்தச் சொல்லிக் குடுத்துட்டேன். வீட்டுக்கு வெறுங்கூடை. எத்தனை முழம் கொண்டு போனேன்?"

மகன் எகிறிக் குதித்து நோட்டை எடுத்தான். 'கொண்டுபோன பூ ப முழம் என்க' என்று முழு வாக்கியமாக எழுதினான், எனக்குப் பெருமையாக இருந்தது. ப/2 + ப/2 = ப. அதாவது ப = ப. அங்கிட்டு ஒரு ப எடுத்தான், இங்கிட்டு ஒரு ப எடுத்தான். 0 = 0.

அடித்துவிட்டு மறுபடி போட்டான். மறுபடியும் 0 = 0. மாடி வீட்டுப் பொண்ணு தன் நோட்டை மூடிக்கொண்டாள், அவளுக்கும் அதேதான் வந்திருக்க வேண்டும்.

"அப்பத்தா, கணக்கு தப்பு. எவ்வளவுதான் கொண்டு போனீங்க, சொல்லுங்க."

அத்தை நூலைப் பல்லில் கடித்து அறுத்தார்.

"எவ்வளவு கொண்டு போனனோ, அவ்வளவு."